இரண்டு மீற்றர்

ஹவுகன்ஸ்டுவாவில் ரயில் பாதைக்கு மேலே, சரிவில் நிற்கும் பதின்மூன்று மாடிக் கட்டடமொன்றின் எட்டாம் மாடியில் கஜேந்தினி பதினாறு வருடமாகக் குடியிருக்கிறாள். அதே கட்டடத்தை அவள் இன்னொரு தடவை, கட்டையின் மேல் கட்டை அடுக்கி, ஜன்னல் ஜன்னலாக வைத்துக் கட்டினாள். அது கணினிக்குள் இருக்கிற ஓர் உலகத்தில். அந்தக் கட்டடத்தால் அவளுக்கு வந்த சந்தேகத்தையும், அந்தச் சந்தேகத்தால் முகம் தெரியாத ஒருத்திக்கு அவள் செய்த அநியாயத்தையும் பற்றியது இது.

கஜேந்தினி திருகோணமலைக்காரி. இருபத்தொரு வயதில் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞராகச் சேர்ந்தவள். நில அளவைக்காரர் வெயிலில் அலைந்து கொண்டுவரும் இலக்கங்களை வைத்து வாய்க்காலையும் மதகையும் கோடு பிசகாமல் கீறிக் கொடுப்பாள். கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்தபோது சான்றிதழ்களையும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். இன்னும் மூன்று வருடம் படித்தால் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. அப்போது மகள் ராகவி வயிற்றில். பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான். விரிப்பை மடிக்கும்போது மூலையோடு மூலை சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது பகிடி.

ராகவி படிக்கவென்று பேர்கனுக்குப் போன வருடம், அவளுடைய பெரிய கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அந்த மாரிக் குளிரில் ரொம்மனில் நடந்த தமிழ்ப் பள்ளி விழாவில் இரத்தினவேல் தன் கைத்தொலைபேசியை அவளிடம் நீட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர். வீதி போடும் நிறுவனமொன்றில் நில அளவைக்காரருக்கு உதவியாளர். பள்ளியில் நாற்காலி அடுக்குவது முதல் ஒலிபெருக்கி பூட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் நிற்பார்.

"இஞ்சை பார் தங்கச்சி, இது என்ன இடமெண்டு சொல்லு."

சின்னச் சின்னக் கட்டைகளால் ஆன ரயில் நிலையம். பின்னால் வெறும் பச்சைச் சரிவு.

"எங்கடை ஸ்ரேசன் எல்லோ! மேலை எங்கடை வீட்டைக் காணேல்லை?"

"அது இன்னும் கட்டேல்லை. நீ படம் கீறினனி எல்லோ, வந்து கட்டு."

அப்படித்தான் சேர்ந்தாள். அந்த உலகத்தில் ஒரு கட்டை ஒரு மீற்றர். நோர்வே முழுவதிலுமிருந்து இருபது பேர் வரை கூடி, ஒஸ்லோவின் கிழக்குப் பள்ளத்தாக்கை அப்படியே அளவு மாறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அநேகமானோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாரும் குரல் அறையில் கூடுவார்கள். தலைவர் ஸ்டெய்னார், ஹாமாரில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்காரர். யார் எந்த இடத்தைக் கட்டுவது என்று பங்கு பிரிப்பது அவர். வசந்தம் முடிவதற்குள் ரயில் பாதையின் இரு கரையும் நிறைந்துவிட்டால் உள்ளூர் நூலகத்தில் பெரிய திரையில் காட்டலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

கஜேந்தினிக்குச் சரிவின் மேலே நிற்கும் தன் கட்டடம் பங்காகக் கிடைத்தது. அதன் பின்பக்கத்து நடைபாதையும் விளையாட்டுத் திடலும் கரோலினாவுக்கு. கரோலினா திராமனில் இருக்கும் போலந்துக்காரி, குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவள் என்பதைத் தவிர வேறெதுவும் கஜேந்தினிக்குத் தெரியாது. உடைந்த நோர்வேஜிய மொழியில், கல்லெறிகிற மாதிரிப் பேசுவாள். கஜேந்தினியின் நோர்வேஜிய மொழியும் அதைவிடத் திறமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கஜேந்தினி ஐம்பது மீற்றர் நாடாவோடு வெளியே இறங்கினாள். ரயில் வேலியில் நாடாவின் தலையைக் கொழுவி, சரிவில் ஏறி, தன் வாசற்படி மட்டும் அளந்தாள். நாடா போதாத இடத்தில் ஒரு கல்லை வைத்துத் தொடர்ந்தாள். அறுபது மீற்றர். மூன்று தடவை அளந்தும் அதே அறுபது. அந்த இலக்கத்தில்தான் அத்திவாரம் போட்டாள்.

கணவன் தனஞ்சயன் பஸ் ஓட்டுகிறவன். நல்ல மனுசன், ஆனால் எதிலும் ஒரு கண் வைத்திருப்பான். மனைவி காதில் ஹெட்செற்றைப் பூட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் சிரிப்பதைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பான்.

"ஆரோடை கதைக்கிறீர்?"

"ஹாமாரிலை ஒராள், அங்கை திராமனிலை ஒருத்தி. வேலையைப் பற்றித்தான்."

"சம்பளமில்லாத வேலை. முகம் தெரியாத சனம். உதுக்குள்ளை ஆர் ஆரெண்டு உமக்கென்ன தெரியும்?"

அந்தக் கேள்வி அவளுக்கு எரிச்சலைத் தந்தது. ஆனால் உள்ளே எங்கேயோ போய்க் குந்திக்கொண்டது.

மாசி மாதம் ஒரு நாள் வேலையால் வந்து கணினியைத் திறந்தவள் திகைத்துப் போனாள். முன்படிகள் வாசலோடு முட்டவில்லை. கட்டடம் முழுவதும், பதின்மூன்று மாடியும், இரண்டு கட்டை ரயில் வேலிப் பக்கமாக நகர்ந்து நின்றது.

கட்டடமொன்றை முழுதாகத் தூக்கி நகர்த்துவதற்கு அங்கே ஒரு கருவி உண்டு. அது எல்லாருடைய கையிலும் இல்லை. "பொது" என்ற பெயரில் ஒரே ஒரு பொதுக் கணக்கு, அதற்குள் நுழைகிறவர்கள்தான் அந்தக் கருவியைப் பாவிக்கலாம். கடவுச்சொல் மூன்று பேரிடம் இருந்தது: ஸ்டெய்னார், இரத்தினவேல், கரோலினா. யார் எந்தக் கட்டையைத் தொட்டார்கள் என்று அந்த உலகம் பதிவு வைக்கும். கஜேந்தினி பதிவைத் திறந்து பார்த்தாள். "பொது" என்று மட்டும் இருந்தது.

இரத்தினவேலுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, ஆரோ என்ரை கட்டடத்தை நகத்திப் போட்டினம்."

"அப்பிடியோ... சரி, நான் பாக்கிறன் தங்கச்சி."

அன்று பின்னேரமே கட்டடம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவள் நன்றி சொன்னாள். பத்து நாளில் மறுபடி நகர்ந்தது. மறுபடி இரத்தினவேல் எடுத்து வைத்தார். "விடு, பெரிசாக்காதை" என்றார்.

எப்படி விடுவது? பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவள் கை போட்ட முதல் கோடு அது. சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும்போதும் அவளுக்கு அதே யோசனை. ஸ்டெய்னாருக்கு அவளுடைய கட்டடத்தோடு என்ன பகை? இரத்தினவேல் அண்ணை எங்கடை ஆள், எடுத்து வைத்துத் தருகிறவரே அவர்தான். அப்படியென்றால் மிஞ்சுவது யார்?

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் கரோலினா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "உன் கட்டடம் வழியில் நிற்கிறது."

யாரோ சிரித்தார்கள். கஜேந்தினிக்குக் காது சூடாகியது. வழியில் நிற்கிறதாம். இடைஞ்சலாம். அகற்ற வேண்டுமாம். அவள் ஒரு கொப்பியை எடுத்துத் திகதி போட்டு எழுதத் தொடங்கினாள். கட்டடம் நகர்ந்த ஒவ்வொரு நாளும் கரோலினா அந்த உலகத்துக்குள் வந்திருந்தாள். கரோலினா அநேகமாக எல்லா நாளும் வருகிறவள்தான், ஆனால் கட்டடம் நகராத நாட்களைக் கஜேந்தினி எழுதவில்லை.

பங்குனியில் கரோலினாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கட்டடத்தின் பின்கதவையும் அந்தப் பக்கத்துப் படிக்கட்டையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். தனஞ்சயன் தோளுக்கு மேலால் அதை வாசித்தான்.

"பின்கதவோ? என்னத்துக்காம்?"

"நடைபாதையை அதோடை சேர்க்கவாக்கும்."

"களவெடுக்க வாறவனும் முதல் பின்கதவைத்தான் பாப்பான். அனுப்பாதையும்."

அவள் அனுப்பவில்லை. அன்று வேலைக்குப் போகும்போது பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கட்டடம் நான்காம் தடவை நகர்ந்தபோது கொப்பியைப் படம் பிடித்து ஸ்டெய்னாருக்கு அனுப்பினாள். அதற்கு முன் இரத்தினவேலிடமும் சொன்னாள்.

"கரோலினாதான் அண்ணை. என்னட்டை எல்லாம் எழுத்திலை இருக்கு."

"அவசரப்படாதை தங்கச்சி. அவளாய்த்தான் இருக்க வேணுமெண்டில்லை."

"பின்னை ஆர்? நீங்களோ?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவர் சிரித்தாரா என்பது அவளுக்கு நினைவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு பேர் கூடினார்கள். ஸ்டெய்னார் கொப்பியிலிருந்த திகதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கரோலினா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் செய்யவில்லை. செய்திருந்தால் சொல்லியிருப்பேன்" என்றாள்.

வாக்கெடுப்பு நடந்தது. ஏழு பேர் கரோலினாவை நீக்கச் சொன்னார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் வாக்களிக்கவில்லை. அது இரத்தினவேல். திரையில் கரோலினாவின் உருவம், மஞ்சள் தலைக்கவசம் போட்ட பொம்மை, விளையாட்டுத் திடலின் நடுவில் சில நொடி நின்றது. பிறகு அந்த இடம் வெறுமையாகியது. ஸ்டெய்னார் அன்றே கடவுச்சொல்லை மாற்றினார். கஜேந்தினி அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, கட்டடம் திரும்பவும் இரண்டு மீற்றர் நகர்ந்திருந்தது.

"கடவுச்சொல்லைக் களவெடுத்திருப்பாள்" என்றான் தனஞ்சயன். கஜேந்தினிக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஸ்டெய்னார் மேல் சந்தேகம் போனது. கரோலினாவைத் துரத்துவதற்கென்றே மனுசன் கஜேந்தினியின் கொப்பியைப் பாவித்தாரோ? இரவில் படுத்துக்கொண்டு ஹாமாரில் இருக்கும் அந்தக் கிழவரின் குரலை மனதில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். எந்தச் சொல்லும் இப்போது இரண்டு பொருள் தந்தது.

வழக்கம்போல இரத்தினவேல் கட்டடத்தைப் பழைய இடத்தில் எடுத்து வைத்த பிறகு, அவள் காவல் இருக்க முடிவு செய்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தனஞ்சயன் வேலைக்குப் போனதும் கணினிக்கு முன் குந்தினாள். தன் பொம்மையைக் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குள், ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தினாள். ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தாள். இரண்டாவது ஆறிப் போனது.

இரண்டு மணியளவில் படியடியில் ஓர் உருவம் தோன்றியது. செம்மஞ்சள் அங்கி. தலைக்கு மேல் "பொது" என்ற பெயர். அது வேலிப் பக்கம் போனது, திரும்பியது, எண்ணிப் பார்ப்பது போல ஓரோர் அடியாக நகர்ந்து வந்தது. பிறகு கட்டடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு எழும்பியது. நகர்த்தப் போகிறது.

கஜேந்தினி பக்கத்தில் கிடந்த தொலைபேசியை எடுத்து இரத்தினவேலை அழைத்தாள். வேறு யாரை அழைப்பாள்?

திரையில் அந்த உருவம் நின்றது.

"ஓம், சொல்லு தங்கச்சி."

"அண்ணை, இப்ப நிக்குது! எனக்கு முன்னாலை நிக்குது! கெதியாய் உள்ளை வாங்கோ, கையும் களவுமாய்ப் பிடிப்பம்!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. திரையிலும் அசைவில்லை. செம்மஞ்சள் உருவம் வெட்டி வைத்த மரம் போல நின்றது.

"அண்ணை?"

"...ஓம்."

அவள் திரையைப் பார்த்தாள். தொலைபேசியைப் பார்த்தாள்.

"அண்ணை, ஒருக்கால் பாயுங்கோ பாப்பம்."

"என்ன?"

"உந்தப் பொம்மையைத்தான். ஒருக்கால் துள்ளிப் பாயச் சொல்லுங்கோ."

பிறகு கட்டடத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் கோடு மெதுவாக அழிந்தது. அந்த உருவம் பாயவில்லை. தலையை மட்டும் குனிந்தது.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேள்" என்றார் இரத்தினவேல். "நீ அளந்தது பிழை."

"மூண்டு தரம் அளந்தனான்!"

"மூண்டு தரமும் நிலத்தோடை நாடாவைப் பிடிச்சிருப்பாய். அது சரிவு. நாடா சரிஞ்சு கிடந்தா நீளம் கூடத்தான் வரும். படத்திலை வாறது மட்டத்திலை பிடிச்ச நீளம். அறுபது இல்லை, ஐம்பத்தெட்டு. உன்ரை கட்டடம் ரெண்டு மீற்றர் மேலை ஏறி, பின்னாலை நடைபாதைக்கு மேலை குந்திக்கொண்டு நிக்குது."

கஜேந்தினி கந்தோரில் எத்தனை தரம் கேட்ட விஷயம். அளவைக்காரர் சரிவில் நாடாவை மட்டமாகப் பிடித்து, குண்டுநூல் தொங்கவிட்டு, படி படியாக இறங்குவார்கள். அவள் இலக்கம் வந்த பிறகு மேசையிலிருந்து கீறியவள். நாடாவின் மற்ற நுனியை அவள் ஒருநாளும் பிடித்ததில்லை.

"அப்ப கரோலினா... வழியிலை நிக்குது எண்டது..."

"உள்ளதைத்தான் சொன்னவள். அவளின்ரை பாதைக்கு மேலை நிக்குது எண்டு."

"உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் கேக்கக் கேக்கத் திருப்பி எல்லோ வைச்சுத் தந்தனீங்கள்?"

"நீ அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கதைக்கேக்கை உன்ரை குரலே வேறை, தங்கச்சி. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு கோடு கீறியிருக்கிறாய். அது பிழையெண்டு எந்த வாயாலை சொல்ல? சத்தம் போடாமல் சரியாக்கி விட்டா நீ கவனிக்க மாட்டாய் எண்டு நினைச்சன்."

"அவளைத் துரத்தேக்கை?"

"அப்ப சொல்லியிருக்க வேணும். எனக்கு வெக்கமாய்ப் போச்சு. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லுறது கஷ்டமாய்ப் போச்சு."

அவள் தொலைபேசியை வைத்தாள். பின்னேரம் தனஞ்சயன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான், உதுக்குள்ளை ஆரையும் நம்பேலாதெண்டு."

"நீங்கள் சொன்னது கரோலினாவைப் பற்றி" என்றாள் அவள். "நானும் அதைத்தான் நம்பினனான். அண்ணையைப் பற்றி ரெண்டு பேருக்கும் ஒரு சொல்லு வாயிலை வரேல்லை."

தனஞ்சயன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே இருந்தான்.

அந்த வியாழக்கிழமை கஜேந்தினி தானாகவே பேசினாள். தன் அளவு பிழை, தன் கொப்பியும் பிழை, கரோலினா எதுவும் செய்யவில்லை. தான் முன்பே இரவிரவாக எழுதி வைத்த நோர்வேஜிய வசனங்களை வாசித்தாள். இரத்தினவேல் தன் பங்கைச் சுருக்கமாக ஒத்துக்கொண்டார். ஸ்டெய்னார் இருமினார். கரோலினாவுக்குக் கதவு மறுபடி திறக்கப்பட்டது, ஆனால் அவள் வரவில்லை. அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. ஐந்தாவது செய்திக்கு மட்டும் ஒரு வரி வந்தது: "செவ்வாய், பன்னிரண்டு மணி, திராமன் ஆற்றங்கரை, ரயில் நிலையத்துக்குக் கீழே."

கஜேந்தினி லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினாள். அவள் கற்பனையில் கரோலினா இளம் பெண்ணாக, நெட்டையாக இருந்தாள். ஆற்றங்கரை வாங்கில் இருந்தவளோ ஐம்பது கடந்தவள், குள்ளம். வேலைக் காற்சட்டையில் சீமெந்துத் தூள். முழங்காலில் பாண் பெட்டி.

"நீ சின்னவளாக இருக்கிறாய்" என்றாள் கரோலினா. "கொப்பி வைத்திருக்கிறவள் பெரிய ஆளாக இருப்பாள் என்று நினைத்தேன்."

கஜேந்தினி மன்னிப்புக் கேட்டாள். கரோலினா பாணைக் கடித்து, ஆற்றைப் பார்த்தபடி மென்றாள்.

"பதினொரு வருடம் இந்த நாட்டில் அந்நியர் வீடுகளில் வேலை செய்கிறேன். ஒரு மோதிரம் காணாமற் போனால் முதலில் என் பையைப் பார்ப்பார்கள். பிறகு அது கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அங்கே கணினிக்குள்ளே எனக்கு முகம் இல்லை, பை இல்லை. அதனால் போனேன். நீ அங்கேயும் வந்து என் பையைத் திறந்து பார்த்தாய்."

சலவைக்கூடத்தில் ஒரு கிழவியின் தங்கச் சங்கிலி தொலைந்த நாள் கஜேந்தினியின் நினைவுக்கு வந்தது. அன்று தன் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டியவள் அவள். அதைச் சொன்னால் சாக்குச் சொல்வதாக இருக்கும் என்று சொல்லாமல் விட்டாள்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் கரோலினா. "அளவு பிழை என்று படம் போட்டுக் காட்டியிருப்பேன். அதற்குத்தான் பின்கதவுப் படம் கேட்டேன்."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. பெட்டியை மூடி எழுந்தாள். திரும்பி வருவாயா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையசைத்தாள். வேறு இடத்தில், வேறு ஆட்களோடு ஒரு துறைமுகம் கட்டத் தொடங்கிவிட்டாளாம். போகும்போது மட்டும் நின்று சொன்னாள்: "அந்தப் பெயரில்லாத கணக்கை மூடுங்கள். அது இருக்கும் வரை நீங்கள் ஒருவரையொருவர் தின்பீர்கள்."

பொதுக் கணக்கை மூட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கஜேந்தினி பிடிவாதமாக நின்றாள். மூடினார்கள். இனி நகர்த்துகிறவர் தன் பெயரில்தான் நகர்த்த வேண்டும், நகர்த்துமுன் கட்டியவருக்குச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார்கள். அவள் தன் கட்டடத்தைத் தானே ஐம்பத்தெட்டாம் மீற்றருக்கு இறக்கினாள். நூலகத்தில் பெரிய திரையில் காட்டிய நாளில் பெயர்ப் பட்டியலில் கரோலினாவின் பெயர் முதலாவதாக இருந்தது. அதைப் பார்க்கக் கரோலினா வரவில்லை. இரத்தினவேல் வந்து கடைசி வரிசையில் நின்றார். கஜேந்தினி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள், கதை கொடுக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஸ்டெய்னார் அளவு சரிபார்க்கும் பொறுப்பை அவளிடம் தந்தார். முதல் வாரமே ஒரு பிழை கண்ணில் பட்டது. துரொண்ட்ஹைமில் இருக்கும் ஆர்ன்ஃபின் என்ற புதியவர், எழுபது வயதுக்காரர், பள்ளிக்கூடமொன்றின் மதிலைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு கல்லாகத் தேடித் தேடி நிறம் பொருத்திய மதில். ஒரு மீற்றர் வீதிக்குள் நின்றது.

கஜேந்தினி செய்தி எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி, இன்னும் மென்மையாக்கி, அழித்தாள். கருவி இப்போது அவள் கையிலும் இருந்தது. ஒரு அழுத்தில் மதில் நகரும், மனுசன் கவனிக்கவும் மாட்டார். விரல் அங்கே சிறிது நேரம் நின்றது. இரத்தினவேலின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது அவளுக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதும் கோபம்தான் வந்தது.

"உங்கள் மதில் ஒரு மீற்றர் வீதிக்குள் நிற்கிறது. வரைபடம் இணைத்திருக்கிறேன். அழகான மதில்" என்று எழுதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"நான் சரியாகத்தான் அளந்தேன். இதை யார் உங்களிடம் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன்" என்று தட்டினாள். பிறகு கீழே தன் முழுப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி, "வேண்டுமானால் அழையுங்கள், சேர்ந்து அளப்போம்" என்று சேர்த்தாள்.

ஆர்ன்ஃபின் அன்று அழைக்கவில்லை. மறுநாள் அவளுடைய வேலை இடைவேளையில் அழைத்தார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. கஜேந்தினி சலவைக்கூடத்துக்கு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் அளந்த முதல் இலக்கத்தை வாசிக்கச் சொன்னாள்.